ஒரு பக்கத்துக்கு ஒரு நுட்பம்: குழுச் சவால் வழியே டிஜிட்டல் ஸ்க்ராப்புக்

டிஜிட்டல் ஸ்க்ராப்புக் என்பது, புகைப்படங்களையும் அவற்றைப் பற்றிய குறிப்புகளையும், வண்ணத்தாள், நாடா, பொத்தான், உலர்ந்த பூ முதலியவற்றின் படங்களோடு சேர்த்துக் கணினியிலேயே ஆல்பம் பக்கங்களாக அமைக்கும் கைவினை. கத்தரிக்கோலுக்கும் பசைக்கும் இதில் வேலையில்லை. ஆயினும், முடிந்த பக்கத்தைப் பார்ப்பவருக்குத் தாளின் மேல் தாளும் அதன் மேல் படமும் உண்மையாகவே ஒட்டப்பட்டிருப்பதாகத் தோன்ற வேண்டும். இந்தத் தோற்றத்தை உண்டாக்கத் தேவையான நுட்பங்கள் ஐந்தாறுக்கு மேல் இல்லை. அவற்றைக் காணொளிகளில் வரிசையாகப் பார்த்தே கற்றுவிடலாம் என்று தொடங்குபவர்கள், பார்க்கும் அளவுக்குச் செய்துபார்ப்பதில்லை என்பதுதான் சிக்கல். இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் அதற்குக் கண்டுகொண்ட வழி குழுச் சவால்: இணையத்தில் கூடும் ஒரு சிறு குழு, குறித்த காலத்துக்குள், ஒரே நிபந்தனைக்கு உட்பட்டு, ஆளுக்கொரு பக்கம் செய்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வது.

காகித ஸ்க்ராப்புக் அமெரிக்காவில் வேரூன்றிய பழக்கம். எழுத்தாளர் மார்க் ட்வெய்ன், முன்கூட்டியே பசை தடவிய பக்கங்களைக் கொண்ட ஸ்க்ராப்புக்குக்கு 1873-இல் காப்புரிமை பெற்றார். இன்று நாம் காணும் வடிவம் யூட்டா மாநிலத்தில் உருவானது. குடும்ப வரலாற்றைப் பேணுவதைச் சமயக் கடமையாகக் கருதும் மார்மன் சமூகத்தினர் நிறைந்த அந்த மாநிலத்தில், 1980-இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த உலக ஆவண மாநாட்டில் மேரிலன் கிறிஸ்டென்சன் என்பவரின் குடும்பம் தன் ஆல்பங்களைக் காட்சிக்கு வைத்தது பலரையும் இந்தப் பக்கம் இழுத்தது. காகித ஆல்பத்தில் நிலைபெற்ற 12 அங்குலச் சதுரப் பக்கமே டிஜிட்டல் பக்கத்தின் அளவாகவும் தொடர்கிறது. கணினியில் இது சாத்தியமானதற்கு முதன்மைக் காரணம், 1994-இல் ஃபோட்டோஷாப் என்னும் படத்திருத்த மென்பொருளின் மூன்றாம் பதிப்பில் வந்து சேர்ந்த லேயர் என்னும் வசதி. அதைப் பற்றிப் பின்னர் பார்க்கலாம்.

நிபந்தனை விதித்துப் படைக்கச் சொல்வது நமக்குப் புதிதன்று. ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை நிரப்பச் சொல்வதும், அதைக் கேட்ட மாத்திரத்தில் காளமேகப் புலவர் பாடி முடித்ததும் தனிப்பாடல் கதைகளில் நாம் படித்தவை. ஈற்றடி கையில் கிடைத்தவுடன் எதைப் பாடுவது என்ற திகைப்பு நீங்கி, எப்படிப் பாடுவது என்பதில் மட்டும் மனம் நிற்கிறது. ஸ்க்ராப்புக் சவால் செய்வதும் இதையே. தொடங்குபவரின் முன்னே ஒரு வெற்றுப் பக்கம், கைப்பேசியில் சில ஆயிரம் படங்கள், இலவசமாகக் கிடைக்கிறதே என்று இறக்கி வைத்த நூற்றுக்கணக்கான அலங்காரப் பொருள்கள் ஆகியன குவிந்து கிடக்கும்போது, எதைத் தேர்வது என்று யோசித்தே ஒரு மாலைப்பொழுது கழிந்துவிடும். “ஒரே படம், மூன்று தாள், மஞ்சளும் சாம்பலும் தவிர வேறு நிறமில்லை, நிழல் கட்டாயம்” என்று குழுவை நடத்துபவர் சொல்லிவிட்டால் அந்தச் சுமை இறங்கிவிடுகிறது.

இந்தச் சவால்கள் பல வகைப்படும். பொருள்கள் எங்கெங்கே அமைய வேண்டும் என்று முன்பே வரையறுத்த டெம்ப்ளேட்டைக் கொடுத்து நிரப்பச் சொல்வது ஒரு வகை. மூன்று அல்லது நான்கு நிறங்களைக் கொடுத்து அவற்றுக்குள் நிற்கச் சொல்வது மற்றொன்று. இரண்டு பொத்தான், ஒரு நாடா, ஐந்து வார்த்தைத் தலைப்பு என்று சமையல் குறிப்பைப் போலப் பட்டியல் தருவதை ரெசிபி என்கிறார்கள். இன்னொருவர் செய்த பக்கத்தின் அமைப்பை அவருக்கு நன்றி சொல்லித் தழுவிச் செய்வது ஸ்க்ராப்லிஃப்ட். கற்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பது என் எண்ணம், ஏனெனில் ஒரு பக்கத்தைத் திரும்பச் செய்து பார்க்கும்போதுதான் அது ஏன் அழகாயிருக்கிறது என்பது பிடிபடும். ஸ்பீட் ஸ்க்ராப் என்பதில் எல்லோரும் ஒரே நேரத்தில் அமர்ந்திருக்க, நடத்துபவர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அடுத்த கட்டளையை அனுப்புவார். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பக்கம் முடிந்துவிடும். ஓர் அலங்காரப் பூவை இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே அரை நாளைக் கழிக்கும் சுபாவம் உடையவர்களுக்கு அது கைகண்ட மருந்து.

தொடங்குவதற்கு முன் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு சிறிது உண்டு. பக்கம் 12 அங்குலச் சதுரம், அச்சுக்கான அடர்த்தி அங்குலத்துக்கு 300 பிக்சல். ஆகவே புதிய கோப்பை 3600 × 3600 பிக்சல் அளவில் திறக்க வேண்டும். அதாவது ஒரு பக்கத்தில் 1 கோடியே 29 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தப் படம் எவ்வளவு பெரிதாக நிற்கும் என்பதை நாமே சொல்லிவிடலாம்: 1600 பிக்சல் நீளமுள்ள படம் இந்தப் பக்கத்தில் ஐந்தேகால் அங்குலத்துக்குச் சற்று மேல்தான் வரும், அதைப் பக்கம் முழுவதும் நிரம்பும்படி இழுத்தால் மங்கிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக வந்தவை சுருக்கப்பட்டே வருவதால், உறவினரிடம் படம் கேட்கும்போது அதை டாகுமென்டாக அனுப்பச் சொல்வது நல்லது. பழைய பிரின்ட் படங்களை ஸ்கேன் செய்வதானால் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, போதும். 4 × 6 அங்குலப் படம் அப்போது 2400 × 3600 பிக்சலாகக் கிடைக்கும், வேண்டுமானால் இருமடங்கு பெரிதாக்கியும் அச்சிடலாம்.

மென்பொருளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கிம்ப் இலவசமானது, கணினியில் நிறுவிக்கொள்வது. ஃபோட்டோபீ உலாவியிலேயே இயங்குவது, ஃபோட்டோஷாப் கோப்புகளையும் திறக்கும். குழுவில் பெரும்பாலோர் எதைப் பயன்படுத்துகிறார்களோ அதையே எடுத்துக்கொண்டால், சந்தேகம் கேட்டவுடன் எந்த மெனுவில் இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிடுவார்.

லேயர் என்பது பக்கத்தின் மேல் வைக்கப்படும் ஒரு ஒளிபுகும் தளம். தாள் ஒரு லேயர், படம் ஒரு லேயர், பொத்தான் ஒரு லேயர், தலைப்பு இன்னொரு லேயர் என்று தனித்தனியே இருப்பதால், ஒன்றை நகர்த்தும்போது மற்றது அசையாது. லேயர் பட்டியலில் மேலே இருப்பது பக்கத்திலும் மேலே தெரியும். பொத்தான், பூ போன்ற பொருள்கள் பிஎன்ஜி கோப்புகளாக வருவதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது: பிஎன்ஜி வடிவம் பொருளைச் சுற்றியுள்ள பகுதியை வெறுமையாக வைத்துக்கொள்ள வல்லது, ஜேபெக் வடிவத்தில் அந்த இடம் வெள்ளைக் கட்டமாக வந்து நிற்கும். பக்கம் முழுவதையும் மூடும் தாள்களுக்கு வெறுமை தேவையில்லை என்பதால் அவை ஜேபெக்காக வருகின்றன.

டெம்ப்ளேட் சவாலில் கற்கும் நுட்பம் கிளிப்பிங் மாஸ்க். டெம்ப்ளேட்டைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் கட்டங்களும் வட்டங்களும் தனித்தனி லேயர்களாகத் தெரியும். ஒரு வட்டத்துக்கு நேர் மேலே உங்கள் படத்தை வைத்து, லேயர் பட்டியலில் அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள கோட்டில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கினால், படம் அந்த வட்டத்தின் எல்லைக்குள் மட்டும் தெரியும்படி அடங்கிவிடும். ஃபோட்டோஷாப், ஃபோட்டோபீ இரண்டிலும் இது ஒன்றுபோலவே வேலை செய்கிறது. கிம்ப்பில் லேயர் மாஸ்க் என்னும் வழியில் இதே பயனைப் பெறலாம். படம் வெட்டப்படவில்லை, மறைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வட்டத்துக்குள் தாத்தாவின் தலை பாதி போய்விட்டால் படத்தைக் கீழே இழுத்தால் போதும், மறைந்த பகுதி திரும்ப வந்துவிடும். முதல் சவாலாக டெம்ப்ளேட்டைக் கொடுக்கும் குழுவே நல்ல குழு என்று துணிந்து சொல்லலாம். அமைப்பைப் பற்றிய கவலை இல்லாமல், லேயர், மாஸ்க் என்ற இரண்டையும் ஒரே பக்கத்தில் கை பழகிக்கொள்கிறது.

அடுத்தது நிழல். ஒரு பக்கம் உண்மையான தாளாகத் தோன்றுவதும் தட்டையான சுவரொட்டியாகத் தோன்றுவதும் இதைப் பொறுத்தே அமைகிறது; பளபளப்பு, பிரஷ், ஃபில்டர் முதலிய மற்றவற்றையெல்லாம் ஒத்திவைத்துவிட்டு இதற்கு மட்டும் இரண்டு மூன்று சவால்களைச் செலவிட்டாலும் தகும். மென்பொருளில் டிராப் ஷேடோ என்ற ஒரே கட்டளையில் நிழல் வந்துவிடும் என்றாலும், முதல் தடவை கையாலேயே செய்து பார்ப்பது நல்லது. பொத்தான் லேயரைப் பிரதி எடுத்து, பிரதியை முழுக்கக் கறுப்பாக்கி, அசல் பொத்தானுக்குக் கீழே கொண்டுபோய், வலப்புறமும் கீழ்ப்புறமும் சில பிக்சல்கள் நகர்த்தி, காஸியன் பிளர் கொடுத்து விளிம்பை மென்மையாக்கி, ஒபாசிட்டி என்னும் அடர்த்தியைப் பாதியளவுக்குக் குறைத்தால் அது நிழல். தூரம், மென்மை, அடர்த்தி, திசை என்ற நான்கைத் தவிர நிழலில் வேறு ஒன்றும் இல்லை என்பது இப்படிச் செய்யும்போது தெளிவாகிவிடும்.

இந்த நான்கில் தூரத்தை எப்படி முடிவு செய்வது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 1 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 12 பிக்சல். கெட்டி அட்டையின் கனம் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆகவே அதன் நிழல் நான்கைந்து பிக்சல் தள்ளி விழுந்தால் போதும். சட்டைப் பொத்தான் 2 மில்லிமீட்டர் கனம் இருக்கும் என்று கொண்டால் அதற்கு 20 பிக்சல் வரை தரலாம். பொருள் எவ்வளவுக்கெவ்வளவு பக்கத்திலிருந்து எழும்பியிருக்கிறதோ, நிழல் அவ்வளவுக்கவ்வளவு தள்ளியும் மென்மையாகவும் வெளிறியும் விழ வேண்டும். எல்லாப் பொருளுக்கும் ஒரே நிழலைக் கொடுத்த பக்கத்தில், தாளும் பூவும் ஒரே உயரத்தில் மிதப்பதாகத் தோன்றுவது இந்த வேறுபாடு இல்லாததனால்தான். திசை மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். வெளிச்சம் இடப்புற மேல் மூலையிலிருந்து வருவதாகக் கொள்வது வழக்கம். உண்மையான பூவைப் புகைப்படம் எடுத்துச் செய்த அலங்காரத்தில் வெளிச்சம் வலப்புறமிருந்து விழுந்திருந்தால், அந்தப் பூவை இடவலமாகத் திருப்பிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். சுத்தக் கறுப்பு நிழல் பக்கத்தை அழுக்காகக் காட்டும் என்பதால், பின்தாளின் நிறத்தையே மிகவும் கருமையாக்கி எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. வெளிர் நிறத் தாள்களில் இதன் வேறுபாடு நன்றாகத் தெரிகிறது.

நிழலைத் தனி லேயராக வைத்துக்கொண்டால் இன்னொரு காரியமும் செய்யலாம். படத்தின் வலப்புறக் கீழ் மூலை சற்றே தூக்கிக்கொண்டிருப்பதாகக் காட்ட, படத்தைத் தொடாமல், நிழலின் அந்த மூலையை மட்டும் வார்ப் கருவியால் வெளியே இழுத்துவிட்டால் போதும். படம் தட்டையாகவே இருக்க, கண் அதை வளைந்ததாக எடுத்துக்கொள்ளும்.

இங்கேதான் குழுவின் பயன் முழுமையாகத் தெரிகிறது. ஒரே டெம்ப்ளேட்டில், ஒரே நிபந்தனையில் பன்னிரண்டு பேர் செய்த பக்கங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, மற்றவை எல்லாம் ஒத்திருப்பதால், நிழலில் உள்ள வேறுபாடு தனியே எழுந்து நிற்கும். எந்த விளக்கமும் இல்லாமலேயே யாருடைய பொத்தான் தாளில் அமர்ந்திருக்கிறது, யாருடையது அந்தரத்தில் தொங்குகிறது என்பது தெரிந்துவிடும். ஆளுக்கொரு விதமாகச் செய்த அழகான பக்கங்களின் தொகுப்பில் இந்த ஒப்பீடு கிடைப்பதில்லை. அதனால், கருத்துச் சொல்லும்போதும் “சூப்பர், அருமை” என்பதோடு நிற்காமல் ஓர் இடத்தைச் சுட்டிச் சொல்வது அந்தக் குழுவுக்கே நல்லது. “நாடாவின் நிழல் அது கட்டியிருக்கும் தாளின் விளிம்புக்கு வெளியிலும் அதே தூரத்தில் விழுகிறது, அங்கே நாடா தொங்குவதால் சற்றுத் தள்ளி விழ வேண்டும் அல்லவா?” என்று ஒருவர் கேட்டால், கேட்கப்பட்டவர் மட்டுமல்லாமல் படிக்கும் எல்லோரும் தங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள். சிலருக்குத் திருத்தம் பிடிக்காது. தம் பக்கத்தைப் பகிரும்போதே யோசனை வேண்டுமா வேண்டாமா என்று குறிப்பிடும் வழக்கத்தைக் குழு வைத்துக்கொண்டால் மனவருத்தத்துக்கு இடமிருக்காது.

ஒரு லேயர் தனக்குக் கீழுள்ள லேயரோடு எப்படிக் கலந்து தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பிளெண்ட் மோட் என்னும் தொகுதியில் இருபதுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. தொடக்கத்தில் மல்டிப்ளை ஒன்றே போதும். அது மேல் லேயரின் ஒளியளவையும் கீழ் லேயரின் ஒளியளவையும் பெருக்குகிறது. வெள்ளையை 1 என்றும் கறுப்பை 0 என்றும் கொண்டால், எதை 1 ஆல் பெருக்கினாலும் அதுவே கிடைக்கும், 0 ஆல் பெருக்கினால் எதுவும் 0 ஆகும். ஆகவே வெள்ளை மறைந்து, கறுப்பு தங்கும். வெள்ளைத் தாளில் எழுதிய கடிதத்தை ஸ்கேன் செய்து, மல்டிப்ளையில் வைத்தால் தாள் காணாமல் போய், கையெழுத்து மட்டும் ஆல்பம் தாளின் மேல் எழுதியதுபோல நிற்கும். பழைய கடிதத்தைப் பயன்படுத்தும் சவாலில் நம் வீடுகளிலிருந்து வருவது பெரும்பாலும் நீல இன்லண்ட் லெட்டராக இருக்கும் என்பதால் இங்கே ஒரு படி கூடுதலாகத் தேவைப்படுகிறது. நீலம் வெள்ளையல்ல, அப்படியே வைத்தால் பக்கத்தில் நீலக் கறை படியும். முதலில் ஸ்கேனைக் கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்ச அளவைத் திருத்தும் லெவல்ஸ் பெட்டியில் வலக்கோடியில் உள்ள வெள்ளை முள்ளை உள்நோக்கி நகர்த்திக்கொண்டே வந்தால், தாளின் நிறம் வெளிறி வெள்ளையாகும். எழுத்து மெலியத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, இடக்கோடி முள்ளைச் சற்று உள்ளே தள்ளி எழுத்தைக் கருமையாக்கலாம். மடிப்புக் கோடுகள் போகாமல் இருந்தால் அவற்றை விட்டுவிடுவதே அழகு. கடிதத்தைக் குழுவில் பகிரும் முன் முகவரியும் பெயர்களும் தெரியும் பகுதியை மங்கலாக்கிவிட வேண்டும். பிள்ளைகளின் பள்ளிப் பெயர் தெரியும் சீருடைப் படங்களுக்கும் இதே கவனம் தேவை.

பக்கத்தில் எழுதும் குறிப்பைப் பலர் கடைசியில் ஒப்புக்கு ஒரு வரி என்று விட்டுவிடுகிறார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அந்த ஆல்பத்தைத் திறப்பவருக்கு நாடாவும் பூவும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, அன்று என்ன பேச்சு நடந்தது என்பனவே வேண்டியிருக்கும். அதனால் “நூறு வார்த்தைக்குக் குறையாத குறிப்பு” என்ற சவாலை மாதம் ஒருமுறையாவது வைக்கும் குழுக்களை நான் மதிக்கிறேன். தமிழில் எழுதுவதற்கு கிம்ப்பில் தடையில்லை. ஃபோட்டோஷாப்பின் சில பதிப்புகளில் மட்டும், அமைப்பை மாற்றாவிட்டால், ‘கொ’, ‘தெ’ போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் பெயர்ந்து விழும். விருப்பத்தேர்வுகளில் எழுத்துக்கான பகுதிக்குச் சென்று தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துப் பொறியைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் விசிறியும் சுழியும் இருப்பதால் வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக வைக்க வேண்டும்.

தாள்களும் பொருள்களும் சேர்ந்த தொகுப்பைக் கிட் என்பார்கள். இலவசமாகத் தந்தாலும் அதற்கு ஒரு பயன்பாட்டு நிபந்தனை உண்டு. சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்றால், அதைக் கொண்டு ஆல்பம் செய்யலாம், செய்த பக்கத்தைக் காட்டலாம், ஆனால் கிட்டின் கோப்புகளைக் குழுவில் மற்றவருக்கு அனுப்பக் கூடாது. கிடைக்கும் இடத்தைச் சொல்லி அவர்களையே இறக்கிக்கொள்ளச் செய்வதும், பக்கத்தைப் பகிரும்போது கிட் செய்தவரின் பெயரைக் குறிப்பிடுவதும் முறை.

முடிந்த பக்கத்தை இரண்டு விதமாகச் சேமிக்க வேண்டும். லேயர்கள் அழியாத பிஎஸ்டி (ஃபோட்டோஷாப், ஃபோட்டோபீ) அல்லது எக்ஸ்சிஎஃப் (கிம்ப்) கோப்பு உங்களுக்கு. குழுவில் காட்டுவதற்கு ஆயிரம் பிக்சல் அளவுக்குச் சுருக்கிய ஜேபெக். முழு அளவு ஜேபெக் அச்சுக்கு மட்டும். அச்சகத்தில் ஓரம் வெட்டும்போது சில மில்லிமீட்டர் போய்விடும் என்பதால் முகங்களும் எழுத்துகளும் விளிம்பிலிருந்து குறைந்தது அரை அங்குலம் உள்ளே இருக்கட்டும். 12 அங்குலப் பக்கத்தை 8 அங்குலமாக அச்சிட்டால் எல்லாம் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். 12 பாயின்ட் அளவு எழுத்து 8 பாயின்ட்டாகிப் பெரியவர்களுக்குப் படிக்க இயலாமல் போகும். ஆல்பம் முழுவதையும் அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரே ஒரு பக்கத்தை எடுத்துப் பார்ப்பது நல்லது, ஏனெனில் திரை தானே ஒளிர்வது, காகிதம் அப்படியில்லை; திரையில் மிதமாகத் தெரிந்த நிழல் காகிதத்தில் கனத்துத் தெரிந்தால், எல்லாப் பக்கங்களிலும் நிழலின் ஒபாசிட்டியைப் பத்துப் பதினைந்து சதவீதம் குறைத்துவிட்டு மறுபடி சேமித்துக்கொள்ளலாம்.